தோல்வி நிபுணர்

உள்ளறையிலிருந்து "ச்சு" என்று ஒரு சத்தம் வந்தது.

அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரின் மனைவி, முன்னறையில் தையல் மெஷினில் குனிந்தபடி தலையைத் தூக்காமலே, "முதல் பக்கம்," என்றார். சற்று நேரத்தில் இன்னொன்று வந்தது. இது நீளமான "ச்சு". முடிகிற இடத்தில் மிட்டாய் கரைவதுபோல நாக்கு ஒரு சுற்று சுழன்றது. "எங்கேயோ வெளிநாட்டுல இவர் கட்சி ஆளுங்க எலெக்‌ஷன்ல தோத்திருக்காங்க. இன்னிக்கு நல்லா சாப்பிடுவார்," என்று சொல்லி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

என் வீட்டு ஜன்னல் திரைகளுக்கு ஓரம் அடித்து வாங்குவதற்காக நான் அந்த மாடிவீட்டு முன்னறையில் ஸ்டூலில் காத்திருந்தேன். தைக்கக் கொடுத்த துணியை வாங்கப் போனவருக்கு அந்த வீட்டில் சத்தங்களைக் கேட்டே பேப்பரைப் படித்துவிட முடியும்.

தெருவில் அவருக்கு "ச்சு தோழர்" என்று பெயர். அவர் காதுபடவே சொல்வார்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்; காலம் தனக்கு அளித்த பட்டம் என்று வைத்துக்கொண்டிருக்கிறார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, பையில் ஒரு நீலப் பேனா, ஒரு சிவப்புப் பேனா. படிய வாரிய தலை. துக்க வீட்டுக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து, காற்று வருகிற நாற்காலியாகப் பார்த்துப் பிடித்து உட்கார்ந்தவரின் முகம்.

சிவப்புப் பேனா பேப்பருக்கு. கட்சி உடைந்தது, ஆலை மூடியது, ஊர்வலத்துக்குக் கூட்டம் சேரவில்லை என்று வந்தால் அடியில் கோடு விழும். எங்கேயாவது ஏழைபாழைகள் எதிலாவது வென்றுவிட்டார்கள் என்று வந்தால் அந்தச் செய்தியை இரண்டு முறை படிப்பார், அச்சுப்பிழை தேடுகிறவர்போல. பிறகு, "பார்ப்போம், எத்தனை நாளைக்குன்னு," என்று பக்கத்தைத் திருப்புவார்.

வீட்டுக்குள்ளும் அப்படித்தான். புது பல்பு மாட்டினால் அண்ணாந்து பார்த்து, "இதுவும் போயிடும்," என்பார். பொய்யில்லை. உலகத்தில் எந்த பல்புதான் போகாமல் இருந்திருக்கிறது? அது போகிற அன்று, "நான் அப்பவே சொன்னேன்," என்று இருட்டில் அவர் குரல் கேட்கும். மனைவி தையல் மெஷினுக்கு மோட்டார் வைத்தபோது, மூன்று மாதம் ஓடினால் அதிகம் என்றார். வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. "இன்னும் பழுதாகல," என்று மட்டும் ஒப்புக்கொள்கிறார்.

"கல்யாணத்தன்னிக்கு ராத்திரி என்கிட்ட பேசின முதல் பேச்சு என்ன தெரியுமா உங்களுக்கு?" என்று மனைவி என்னிடம் கேட்டார். "'இந்தக் குடும்ப அமைப்பே நெருக்கடியில இருக்கு'ன்னார். நான் பயந்துட்டேன். மாமியாருக்குத்தான் ஏதோ உடம்பு முடியலையாக்கும்னு எழுந்து ஓடினேன்."

அவர்களுக்கு ஒரே மகள். பரீட்சை எழுதப் போன காலையில் வாசலில் நின்று, இந்தக் கல்விமுறையில் யாரும் உருப்பட முடியாது என்று விளக்கி அனுப்பியவர் அப்பா. பாஸானதும் மதிப்பெண் என்பதே ஏமாற்று என்று விளக்கினார். அந்தப் பெண் இப்போது தூரத்தில் வேலை பார்க்கிறாள். நல்ல செய்தி இருந்தால் அம்மாவுக்கு மட்டும் போன் செய்கிறாள். பெற்ற மனம் அதை எப்படித் தாங்குகிறதோ என்று நினைத்து ஒருமுறை எனக்குக் கண் கலங்கியது. அவரோ, "உறவுகள் எல்லாம் இப்படித்தான் சிதையும்," என்று திருப்தியாகத் தலையசைத்தார்.

ஒரு காலத்தில் அவரும் நம்பியவர்தான். எக்ஸ்சேஞ்சில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தபோது வாசலில் முன்வரிசையில் நின்று தொண்டை கட்டக் கத்தியவர். போராட்டம் உடைந்தது. ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள். அடுத்த வாரம், எங்கே தவறினோம் என்று பார்ப்பதற்காகப் பரிசீலனைக் கூட்டம் போட்டார்கள். தோற்றுவிட்டால் கூட்டம் போட்டு அலசுவது தோழர்களின் வழக்கம். அந்தக் கூட்டத்தில் அவர் பேசினார். ஏன் தோற்றோம், எப்படித் தோற்றோம், தோற்றிருக்காவிட்டால்தான் ஏன் அதிசயம் என்று அவர் அடுக்க அடுக்க, கல்போன்ற ஆண்கள் கண்ணைத் துடைத்தார்களாம். கட்டிப் பிடித்தார்களாம். போராட்டத்தில் கிடைக்காத கைதட்டல் அதன் சாவில் கிடைத்தது. அன்று நாக்கில் பட்ட ருசி இன்றுவரை போகவில்லை.

அதன்பிறகு எந்தப் போராட்டத்துக்கும் அவர் முந்திய நாள் போனதில்லை, மறுநாள் போகத் தவறியதும் இல்லை. நம்பியவன் தோற்றால் ஏமாளி. நம்பாதவன் தோற்றால் தீர்க்கதரிசி. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபின் எந்தப் புத்திசாலிதான் நம்புவான்?

இத்தனைக்கும் அவர் ஒரு சங்கத்தின் தலைவர். முறையாகப் பதிவு செய்த பொதுத் தொழிலாளர் சங்கம். உறுப்பினர்கள் உதிர்ந்து உதிர்ந்து இப்போது நிர்வாகிகள் மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள். தலைவர் இவர். பொருளாளர் இவர் மனைவி. இடம் காலியாக இருக்கக்கூடாது என்று ஒரு நாள் அடுப்படியில் காகிதத்தை நீட்டி, "ஒரு கையெழுத்துப் போடு, சும்மா ஒப்புக்குத்தான்," என்றார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மாள் போட்டார். அன்றிலிருந்து ஆண்டுதோறும் போட்டுக்கொண்டிருக்கிறார்.

செயலாளர் தினமும் டீ நேரத்துக்கு வந்துவிடுவார். தெருவில் அவரை "விடியல்காரர்" என்பார்கள். இன்ஷூரன்ஸ் ஏஜென்டாக இருந்தவர். எல்லாப் பேச்சையும், "விடிஞ்சிரும் தோழர், விடிஞ்சிரும்," என்றுதான் முடிப்பார். விடியல்காரரின் கணக்கு தலைவருடையதைவிட அழகு. இயக்கம் ஜெயித்தால் முன்னேற்றம். தோற்றால் முரண்பாடு கூர்மையடைகிறது. எப்படிப் பார்த்தாலும் லாபம். பாலிசி விற்ற வாய் அல்லவா!

இருவரும் வருடக்கணக்காகச் சண்டை போடுகிறார்கள். மாற்றம் வராது என்பார் ஒருவர். வந்தே தீரும் என்பார் மற்றவர். டீ ஆறிவிடும், சண்டை ஆறாது. மாற்றம் என்பது போய்க் கூட்டிவர வேண்டிய விருந்தாளியாயிற்றே என்று மட்டும் இருவரில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

அன்றும் விடியல்காரர் வந்து, இவரும் உள்ளறையிலிருந்து வெளியே வந்து, பிஸ்கட் தட்டு நடுவில் வைக்கப்பட்டு, வெளிநாட்டுத் தோல்வி தோல்வியா முன்னேற்றமா என்று தொடங்கிய நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். அந்த அம்மாளின் அண்ணன் மகள். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. கை இரண்டும் சலவைத்தூளில் வெளுத்து, விரல் நுனிகள் ஊறிய பட்டாணிபோலச் சுருங்கியிருந்தன. அறைக்குள் அவளுக்கு முன்னால் ப்ளீச்சிங் நெடி வந்தது.

"வாடி. சாப்பிட்டியா?" என்றார் அத்தை.

"அதெல்லாம் ஆச்சு அத்தை. மாமாவைப் பார்க்கத்தான் வந்தேன்."

மாமா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவரைப் பார்க்க யாராவது வந்தால் ஏதோ எங்கேயோ முடியப் போகிறது என்று பொருள்.

அவள் நின்றுகொண்டே சொன்னாள். வார்டிலிருந்து வருகிற படுக்கை விரிப்புகளில் குத்தி எடுத்த ஊசிகளை அப்படியே சுருட்டிப் போட்டுவிடுகிறார்கள். விரிப்பை உதறும்போது அவளுடன் வேலை செய்கிறவளுக்கு உள்ளங்கையில் ஊசி ஏறிவிட்டது. யாருக்குப் போட்ட ஊசியோ, என்ன நோயோ! கான்ட்ராக்டர், உன் கவனக்குறைவு என்று அவளை வேலையைவிட்டு நிறுத்திவிட்டான்.

"ரத்தம் டெஸ்டுக்குக் குடுத்திருக்கா மாமா. ரிசல்ட் தெரிய நாளாகுமாம். கைக்குழந்தைக்காரி. பால் குடுக்கப் பயப்படறா. குழந்தை கத்துது, இவ அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு அழறா. எங்களால பார்க்க முடியல."

மெஷின் நின்றது. என் மடியில் இருந்த திரைத்துணியை நான் கசக்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"நாளைக்குக் காலையில இருந்து நாங்க துணியைத் தொடப் போறதில்ல. அவளைத் திரும்ப எடுக்கணும், எல்லாருக்கும் தடிமனா க்ளவுஸ் குடுக்கணும். மேனேஜர் சொல்லிட்டார், 'கும்பலோட எல்லாம் நான் பேசமாட்டேன், பதிவு பண்ண சங்கத்துல இருந்து யாராவது பத்து மணிக்கு வரட்டும், பேசறேன்'னு. யாரும் வரலைன்னா கேட்டுல நிக்கறவங்க பேரையெல்லாம் வேலைப் பட்டியல்ல இருந்து எடுத்துடுவாராம். என் பேருதான் முதல்ல இருக்கும். நீங்க வந்து உட்கார்ந்தாப் போதும் மாமா. நாங்க பேசிக்கறோம்."

"எத்தனை பேர் இருக்கீங்க?"

"எல்லாருந்தான்."

"எல்லாரும்னா?"

"நைட் ஷிப்டுல ரெண்டு பேர் மட்டும் யோசிக்கறாங்க..."

"ச்சு."

அந்தச் சத்தத்தில் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். முதுகு நிமிர்ந்தது. கண்ணில் ஒளி வந்தது. "அந்த ரெண்டு பேர்தாம்மா உடைப்பாங்க. எப்பவும் அங்கதான் உடையும். அப்புறம், சலவை இன்னிக்கு யாருக்கு வேணும்? வெளியில குடுத்து வாங்கிப்பான். சமையல்காரங்க உங்ககூட நிக்க மாட்டாங்க, நர்சுங்க வேடிக்கை பார்ப்பாங்க. புறச்சூழல் கனிஞ்சிருக்கு, நான் இல்லைங்கல. ஆனா அகச்சூழல் கனியல. இந்த நிலைமையில இறங்கறதுக்குப் பேரு என்ன தெரியுமா? சாகசவாதம்."

"குழந்தைக்குப் பால் குடுக்க முடியாம இருக்கா மாமா."

"அது உணர்ச்சி. நான் சொல்றது ஆய்வு." குரலைத் தாழ்த்தி, ஆதரவாகச் சொன்னார்: "மாமா உன்னைக் கைவிட மாட்டேன். நீங்க ஸ்டிரைக் பண்ணப் போற விஷயம் உங்க அத்தை நேத்தே சொன்னா. ஞாயித்துக்கிழமைக்கு ஹால் சொல்லி வச்சுட்டேன்."

"எதுக்கு?"

"பரிசீலனைக் கூட்டத்துக்கு. எங்க தப்பு நடந்ததுன்னு அலச வேண்டாமா?"

அவள் விழித்தாள். "ஸ்டிரைக்கே நாளைக்குத்தானே மாமா!"

"அதனாலதான் இன்னிக்கே சொல்லி வச்சேன். கடைசி நேரத்துல ஹால் கிடைக்காது."

பிறக்காத குழந்தைக்குப் பாடை கட்டிவிட்டு, மூங்கில் நல்ல மூங்கில் என்று பெருமைப்படுகிற மனிதனை நான் அன்றுதான் நேரில் பார்த்தேன்.

விடியல்காரருக்குப் பொறுக்கவில்லை. பிஸ்கட்டை டீயில் முக்கியவர் முக்கியபடியே பாய்ந்தார். "தோழர் சொல்றதைக் கேக்காதம்மா! பெண்கள் எழுந்துட்டீங்க, இனி உங்களை யாராலயும் நிறுத்த முடியாது. நாளைக்கு நீங்க ஜெயிப்பீங்க. எழுதி வச்சுக்கோ. கட்டாயம் ஜெயிப்பீங்க!"

அந்தப் பெண்ணின் முகத்தில் உயிர் வந்தது. "அப்ப நீங்க வர்றீங்களா பெரியப்பா? நீங்கதானே செயலாளர்?"

"நான் எதுக்கும்மா? வரலாறே உங்க பக்கம் நிக்குது. நான் ஒருத்தன் வந்தாத்தான் ஜெயிக்கணும்கிற நிலைமையிலயா நீங்க இருக்கீங்க?" முக்கிய பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது. ஸ்பூனைத் தேடிக்கொண்டே சேர்த்துச் சொன்னார்: "அதுவும் இல்லாம நாளைக்குக் கண் டாக்டர் வரச் சொல்லியிருக்கார்."

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பைவிட அழுகையே தேவலை என்று இருந்தது.

"அவர் தோப்போம்னு வரல. நீங்க ஜெயிப்போம்னு வரல. நல்லா இருக்கு எங்க கதை."

அத்தை மெஷின் ஊசிக்கு அடியிலிருந்து என் திரையை மெதுவாக உருவி மடித்து வைத்தார்.

"நான் வர்றேண்டி," என்றார்.

"நீ எங்க போற?" என்றார் கணவர்.

"ஆஸ்பத்திரிக்கு. பத்து மணிக்கு. நான் பொருளாளர்தானே?"

"அது ஒப்புக்குப் போட்ட பேரு!"

"ஒப்புக்குப் போட்டாலும் என் பேருதானே போட்டிருக்கு? சங்கத்துல இருந்து யாராவது வரணும்னுதானே சொல்லியிருக்கான். அந்த யாராவது நானா இருந்துட்டுப் போறேன்."

"உனக்கு என்ன பேசத் தெரியும்?"

"உங்களோட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினவளுக்கு ஒரு மேனேஜர்கிட்ட பேசத் தெரியாதா?"

தலைவர் எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. இயக்கம் தோற்பது அவருக்குப் பழக்கம். விதிமுறை தோற்பதை அவரால் தாங்க முடியாது. "செயற்குழு முடிவு இல்லாம யாரும் சங்கத்தோட பேர்ல போக முடியாது."

"கூட்டுங்க. மூணு பேரும் இங்கதானே இருக்கோம்?"

நம்புங்கள், கூட்டினார்கள். தையல் துணுக்குகள் இறைந்து கிடந்த அந்த அறையில், நான் ஸ்டூலோடு சுவர் ஓரம் தள்ளி உட்கார, அந்தப் பெண் கதவருகே நிற்க, செயற்குழு கூடியது. விடியல்காரர் வாயைத் துடைத்துச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"பொருளாளர் தோழர் முன்மொழியலாம்," என்றார் கணவர் மனைவியைப் பார்த்து.

"என்னத்த மொழியறது? போறேங்கறேன்."

"செயலாளர் தோழர்?"

விடியல்காரர் கூரையைப் பார்த்தார். வரப்போகிற ஒரு தலைமுறையையே கூரைக்கு அப்பால் பார்த்தார். "கொள்கையளவில் முழுமையா ஆதரிக்கிறேன். ஓட்டெடுப்புல நடுநிலை."

"நான் எதிர்க்கிறேன்," என்றார் தலைவர். "ஒன்றுக்கு ஒன்று. சமமா இருந்தா தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு." இன்னொரு முறை கையைத் தூக்கினார். "தீர்மானம் தோற்றது."

வாழ்க்கையில் அவர் ஜெயித்த ஓட்டெடுப்பு அது ஒன்றாகத்தான் இருக்கும். ஜெயித்தது யாருக்கு எதிராக என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

"தோத்துடுச்சா? சரி," என்ற அந்த அம்மாள் அண்ணன் மகள் பக்கம் திரும்பினார். "ஏண்டி, முன் கேட்டா, பின் கேட்டா?"

"பின் கேட்டு அத்தை. சலவைக்குப் பின்னாலதான் வழி."

"இது கட்டுப்பாட்டை மீறுறது!" என்று கத்தினார் தலைவர்.

"அதான் ஞாயித்துக்கிழமை ஹால் இருக்குல்ல? அங்க வச்சு விசாரிங்க."

விடியல்காரர் சிரித்துவிட்டு, சிரித்தது கொள்கைக்கு விரோதமோ என்று இருமினார். அந்தப் பெண் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளுத்துச் சுருங்கிய அந்த விரல்களும் ஊசி குத்திக் குத்தித் தடித்த இந்த விரல்களும் பின்னிக்கொண்டு இருந்தன. "பயமா இருக்கு அத்தை," என்றாள் மெல்ல. "எனக்கும்தாண்டி," என்றார் அத்தை. அந்த வீட்டில் எதிர்காலத்தைப் பற்றி நான் கேட்ட பேச்சுகளில் இட்டுக்கட்டாத பேச்சு அது ஒன்றுதான்.

அவள் கிளம்பினாள். விடியல்காரர் நாற்காலியில் இருந்தபடியே டீக்கிளாஸை இடக்கைக்கு மாற்றி, வலக்கை முஷ்டியை உயர்த்தி, "விடிஞ்சிரும்மா!" என்றார். கதவில் கை வைத்தவள் திரும்பி, கேலியோ நிஜமோ, தானும் ஒரு முஷ்டியை உயர்த்திக் காட்டினாள். பழகாத கை. கட்டைவிரல் உள்ளே மடங்கியிருந்தது.

தலைவர் சட்டென்று அவளிடம் போனார். அவள் கையைப் பிடித்து, மற்ற விரல்களுக்குள் மாட்டியிருந்த கட்டைவிரலை வெளியே எடுத்து, குறுக்கே வைத்து அழுத்தினார். "உள்ள வச்சா எலும்பு உடைஞ்சிடும்மா. இப்படி." தன் கையையும் முறுக்கிக் காட்டினார். நரம்பு புடைத்த கெட்டியான முஷ்டி. எக்ஸ்சேஞ்ச் வாசலில் நின்ற இளைஞனை ஒரு கணம் நான் பார்த்தேன். இதோ சொல்லப் போகிறார், இதோ வரப் போகிறார்!

அவளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். "மாமா," என்றாள், "நீங்களும் வாங்களேன்."

அவர் அவளைப் பார்த்தார். மாடிப்படியைப் பார்த்தார்.

"வெயில் ஏறுறதுக்குள்ள வீட்டுக்குப் போய்ச் சேரு," என்றார்.

அவள் இறங்கிப் போனாள். செருப்புச் சத்தம் கடைசிப் படிவரை கேட்டது. அவர் கதவைச் சாத்தினார். மழையில் ஊறிப் பருத்த கதவு. தாழ்ப்பாள் துளையில் இறங்க மறுத்தது. இன்னும் அவிழ்க்காமல் வைத்திருந்த அந்த முஷ்டியாலேயே, கட்டைவிரல் பத்திரமாக வெளியே இருக்க, ஓங்கி ஒரு குத்து விட்டு அதை இறக்கினார்.